மீன்கொத்தியும் எதிர்நாற்காலியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு பெண்ணின் முழங்கால். டிராலிபஸ் ஓட்டுகிற அல்முட் டுல்ட்கன் பனியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டிருந்தபோது நடந்தது இது. கால் நன்றாக இருந்திருந்தால் வழக்கம்போல எழுந்து மேசையைச் சுற்றிப் போயிருப்பாள். எனக்குக் கதையும் இருந்திருக்காது.

ஆரம்பத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரின் மீது மாலைப்பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, பேரரசர் காலத்து வாள் ஒன்று...'

வேண்டாம். பனி இறங்கினால் இறங்கட்டும், நமக்கென்ன.

2

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பழைய வாள் பார்க்கும் எங்கள் சங்கம் கூடும் நாளில், எங்கள் பீர்க்கடையின் மூலை மேசையில் வாள்கள் வந்து படுக்கும். எல்லாம் அணிவகுப்பு வாள்கள். சிங்கத்தலைப் பிடி, தங்கப்பூச்சு, போரையே பார்க்காத பளபளப்பு. வெளியாட்கள் சிங்கத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிடிக்குக் கீழே அலகு தொடங்கும் இடத்தில் பருப்பளவு இருக்கும் செய்தவரின் முத்திரையைத்தான் தேடுவார்கள். இரும்பைப் பதப்படுத்தும் முன் ஒரே அடியில் பதித்தது அது. கை நடுங்கினால் போயிற்று. அந்த ஒரு அடியை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

மேசையின் தலைவர் ரைன்ஹோல்ட் காட்விங்கல். நகத்தால் ஒரு தடவு தடவி அசல் முத்திரையா, பிற்காலத்தில் எவனோ சுரண்டியதா என்று சொல்லிவிடுவார். ஒரு முத்திரையைப் பார்க்க நாட்டின் மறுகோடிவரை கார் ஓட்டிப்போய், பார்த்துவிட்டு, வெறுங்கையோடு சிரித்தபடி திரும்பிய மனிதர். யாராலும் இன்னாருடையது என்று சொல்ல முடியாதிருந்த ஒரு முத்திரையை, தலைகீழாகப் பாயும் மீன்கொத்தி என்று கண்டுபிடித்தவரும் அவரே. பறவைச் சின்னம் வைத்திருந்த ஒரு பழைய பட்டறைக்கு அதை உரிமையாக்கினார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பெயரே மீன்கொத்திதான்.

(இவரைக் கொஞ்சம் கர்வக்காரராகக் காட்டலாமா என்று யோசித்தேன். அப்படிக் காட்டினால் கதை எனக்கு எளிதாகிவிடும். ஆனால் அவர் அப்படி இல்லை.)

பஸ் ஓட்டுகிறவளுக்கு வாளோடு என்ன வேலை என்று மற்றவர்கள் முனகிய நாளில், தனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, கண்ணு இருக்கறவங்க எல்லாரும் பாக்கலாம்" என்றவர் அவர். அல்முட் அதை மறக்கவே இல்லை.

3

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. வாளை இடுப்பில் தொங்குகிறபடி, முனை கீழே இருக்கத்தான் பார்க்க வேண்டும். அதனால் ரைன்ஹோல்ட் முனையைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்துக்கொள்வார். முத்திரை பார்க்க எல்லோரும் அவர் பக்கம் போவோம். அல்முட் மாவுக்கட்டோடு வந்த அன்று மேசையில் அந்த மீன்கொத்தி வாள்; ரைன்ஹோல்ட் கூப்பிட்டார்.

"என்னம்மா, ராணியாட்டம் உக்காந்துட்ட? எந்திரிச்சு வா, என் பறவையப் பாரு."

"ராணிக்குக் கால் வரமாட்டேங்குது. அங்கேருந்து அப்படியே தள்ளுங்க, பாத்துக்கறேன்."

"தலைகீழா தெரியுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். உங்க பறவை ஒண்ணும் கோச்சுக்காது."

தள்ளினார். குனிந்து பார்த்தாள். பறவையின் அலகு ஊற்றும் மூக்காகியிருந்தது, இறக்கை கைப்பிடியாகியிருந்தது, விரிந்த வால் அடிப்பாகமாகி நின்றது. அவள் கண்முன் இருந்தது ஒரு கூஜா.

அல்முட் வாளை அப்படியே திருப்பித் தள்ளினாள். செர்ரிப்பழம் போட்ட வாஃபிள் அவள் தட்டில் ஆறிப்போனது.

4

முதல் தடவை எழுதியபோது அந்த பீர்க்கடைச் சமையலறையிலிருந்தே ஒரு கத்தி வந்து உண்மையைச் சொல்லிவிட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அடித்துவிட்டேன். நடந்தது இன்னும் சாதாரணம். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற நச்சரிப்போடு அல்முட் வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கு சீவும் தன் பழைய கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதே கூஜா. அதன் கீழே ஊர்ப்பெயர், நேராக. எது மேல், எது கீழ் என்பதில் இனி சந்தேகமே இல்லை. வாள் பார்க்கிற நாங்கள் ஒருவரும் எங்கள் வீட்டுக் கத்தியைத் திருப்பிப் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய ஆட்கள் நாங்கள்.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம். எங்கள் சங்கத்தின் முத்திரைப் புத்தகம் அடுத்த வியாழனுக்கு மறுநாள் அச்சுக்குப் போகிறது. அட்டையில் மீன்கொத்தி, உள்ளே ரைன்ஹோல்டின் கட்டுரை. அவர் பெயரில் அச்சாகப் போவது அது ஒன்றுதான். சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஒரே அடியில் அந்தக் கூஜாவைப் பதித்த எவனோ ஒருவன், இன்னொருவன் பெயரில் என்றென்றைக்கும் கிடப்பான்.

5

முடிவு ஒன்று: அவள் கத்தியை இழுப்பறையில் போட்டு மூடுகிறாள். (எழுதினேன். அல்முட் என்னை முறைத்தது போலிருந்தது.)

முடிவு இரண்டு: புத்தகம் வந்தபின் வேறு யாரோ கண்டுபிடித்து அவரைக் கேலி... இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

நடந்தது இது: அடுத்த வியாழன், சிறப்புக் கூட்டம். அல்முட்டின் கைப்பையில் கத்தி. அட்டைப்படத்தைப் பார்த்து எல்லோரும் கோப்பை உயர்த்துகிறார்கள்.

"மீன்கொத்தியாரே, இங்க வந்து என் நாற்காலில உக்காந்து பாருங்க."

"உன் நாற்காலிலயா? எதுக்கு?"

"நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே பாருங்க." கத்தியை எடுத்து மேசையில் கிடந்த மீன்கொத்தி வாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து இடம் விட்டாள்.

ரைன்ஹோல்ட் கத்தியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நாளை அச்சு என்பது அவருக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்தார்.

6

அந்த மேசையில் என் இடம் பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்தால் பறவையும் தெரியாது, கூஜாவும் தெரியாது, வெறும் கீறல்தான். ஆகவே அவர் உட்கார்ந்தபின் என்ன கண்டார், என்ன சொன்னார் என்று எழுத எனக்குத் தகுதியில்லை. வாழ்நாள் பெருமையை மேசையின் அந்தப் பக்கம் விட்டுவிட்டு எழுந்து வந்த மனிதரைப் பார்த்துவிட்டேன், எனக்கு அது போதும்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவர் அழலாம், திட்டலாம், சிரித்து எல்லோருக்கும் பீர் சொல்லலாம். ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: அவரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.