வலைக்கு இந்தப் பக்கம்

சங்கிலி இரவு சாப்பிட்டதும் படுத்துவிடுவான். விடியும்போது பாலாமணி எழுப்பினால்தான் எழுவான். எழுந்த உடனே களைப்பாக இருக்கிறது என்பான். ஐப்பசியில் தொடங்கியது. தை பிறந்தும் போகவில்லை.

அவன் தேயிலை எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டினான். மேல் காட்டில் பறித்த இலையைக் கட்டபெட்டுக்குக் கீழே இருந்த ஃபேக்டரிக்கு இறக்க வேண்டும். மூட்டைகளின் மேல் பறிக்கிற பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். பாலாமணியும் அவர்களில் ஒருத்தி.

கோத்தகிரியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை இல்லை, ரத்தம் குறையவில்லை.

"நல்லாத் தூங்குறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதுல குறையே இல்லைங்க" என்றாள் பாலாமணி. "இவரு குறட்டை பக்கத்து ஊடு வரைக்கும் கேக்கும்."

டாக்டர் சிரித்தார். டானிக் எழுதிக் கொடுத்தார்.

சங்கிலி டானிக்கைக் குடித்தான். முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டான். பனியிலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினான். பச்சை மிளகாயைக் கடித்தான். ஒருநாள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே தூங்கிப்போனான். அன்றிலிருந்து பாலாமணி லாரியில் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கம்பி வலை போட்ட சிறிய ஜன்னலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து அவன் பிடரி தெரியும்.

வளைவுகளில் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். அரிசி தீர்ந்துவிட்டதா, உங்கள் தங்கச்சி போன் பண்ணினாளா.

"ஊட்டுல பேசித் தீரலையா புள்ளே?" என்றாள் பக்கத்து மூட்டையில் இருந்த இசக்கியம்மா. "நாங்கெல்லாம் புருசன் பேச்சைக் கேக்காம இருக்கத்தான் காட்டுக்கே வாரோம்."

பெண்கள் சிரித்தார்கள். பாலாமணியும் சிரித்தாள். கண்ணைப் பிடரியிலிருந்து எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கிலி கட்டிலில் மல்லாந்து தூங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். குறட்டை நின்றது. நல்லது என்று நினைத்தாள். பிறகு நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்திருந்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அவள் தோளைப் பிடிக்கப் போகும்போது, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன்போல அவன் மூச்சை இழுத்தான். கண் திறக்கவில்லை. குறட்டை மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

அவன் எழுந்தபோது சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டு லீவு போடுங்க."

"என்னன்னு சொல்றது? தூங்குறப்ப மூச்சு நிக்குது, ஓட்டுறப்ப தூக்கம் வருதுன்னா? அன்னிக்கே சாவியை வாங்கிக்குவாங்க. இந்த ஊடு டிரைவருக்குக் குடுத்த ஊடு பாலாமணி. நாளைக்கு மருந்தடிக்க அனுப்புவாங்க. இல்லாட்டி அதுவும் இல்ல."

"வண்டியில அத்தனை பேரு வாராங்களே."

அவன் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "நீ பின்னாலயே உக்காந்துக்க" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் தனசிங்கைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாசிக்கு முன் ஒருநாள், காலமில்லாக் காலத்தில் மழை பிடித்தது. பெண்கள் தார்ப்பாயை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அது கம்பி வலையையும் மூடியது. பாலாமணி கேட்ட கேள்வி மழைச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

இரண்டாவது வளைவு தாண்டியதும் லாரி மெல்ல இடது பக்கம் சாய்ந்து போவதை உணர்ந்தாள். தார்ப்பாயைத் தூக்கினாள். வலைக்கு அந்தப் பக்கம் பிடரி இல்லை. தலை முன்னால் விழுந்திருந்தது.

"ஏனுங்க" என்று கத்தினாள். பிறகு கேபின் தகரத்தை இரண்டு கையாலும் இரண்டு தரம் தட்டினாள்.

இலை லாரியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போ. சங்கிலி கிளீனராக இருந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அவன் தலை நிமிரவில்லை. அவன் கால் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தது.

லாரி சாலையை விட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தது. செடிகள் முறிந்தன. ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அப்பால் நிலம் இல்லை, மேகம்தான் இருந்தது.

யாரும் சாகவில்லை. இசக்கியம்மாவுக்கு நெற்றி கிழிந்தது. அவள் தலைத்துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, "பாலாமணி தட்டினா. அவ தட்டலேன்னா போய்ச் சேர்ந்திருப்போம்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

தனசிங் வந்து மரத்தையும் சக்கரத் தடத்தையும் பார்த்தார். "பிரேக் பிடிக்கலையாப்பா?"

சங்கிலி மழையில் நனைந்துகொண்டு நின்றான். "ஆமாங்க" என்றான்.

பாலாமணியின் உள்ளங்கைகள் எரிந்தன. அவள் அவற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் வந்தான். முன்பக்கத்தை நிமிர்த்தினான், பிரேக்கைக் கழற்றி மாட்டினான். வாரம் திரும்புவதற்குள் லாரி ஃபேக்டரி வாசலில் நின்றது. காலைப் பனியில் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் ஏறினார்கள். சங்கிலி என்ஜினைப் போட்டுவிட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மா நெற்றியில் பிளாஸ்திரியோடு மேலிருந்து கை நீட்டினாள்.

"ஏறு புள்ளே. உன் இடத்துல ஒருத்தியும் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ அங்க இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்."

பாலாமணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"இறங்குங்க அக்கா" என்றாள்.

"என்னது?"

"எல்லாரும் இறங்குங்க. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. இவரு தூங்கிட்டாரு. நான் தட்டுனதுலதான் வண்டி பாஞ்சுது. தினமும் தூக்கம் வருது இவருக்கு. எனக்குத் தெரியும்."

பக்கத்தில் பேர் எழுதிக்கொண்டிருந்த தனசிங் நோட்டை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு ஒருத்தி இறங்கினாள். இன்னொருத்தி இறங்கினாள். இசக்கியம்மா கடைசியாக இறங்கினாள். பாலாமணியின் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள்.

பாலாமணி முன்பக்கம் நடந்தாள். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். கதவைத் திறந்தாள்.

சங்கிலி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்திருந்தான். அவள் சொன்ன எதையும் அவன் கேட்டிருக்கவில்லை. வாய் திறந்திருந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால்தான் அவன் மூச்சு விடுகிறானா என்று கேட்கும். அவள் படியில் ஏறிச் சாவியைப் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.