வாய் திறக்காததற்குப் பரிசு

ஒரு வாரம் இங்கிலீஷ் பள்ளி வகுப்பில், வீட்டில் நாங்கள் பேசும் பேச்சே பேசவில்லை என்று என் பேத்திக்குப் பரிசு கொடுத்தார்கள். மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் அவள் அதே சட்டம்தான் போட்டிருந்தாள். அன்று மாலை பிள்ளையின் காதில் சீழ் வடிவதைப் பார்த்தேன்.

“நாலு நாளா வலி தாத்தா. இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல” என்று கிசுகிசுத்தாள்.

மறுநாள் பேத்தியோடு பள்ளிக்குப் போய் டீச்சரிடம் கேட்டேன். “புள்ள இங்கிலீஷ்ல என்னதான் பேசுச்சு?”

“இன்னும் ஒண்ணும் பேசல பெரியவரே. கேட்டுக் கேட்டுத்தான் வரும்.”

“நாலு நாளா வலி, சீழ் வடியுது. கேக்குற காதே போச்சு டீச்சரம்மா! வாயைக் கட்டினா பேச்சு வரும்னு எந்த மடையன் சொன்னான்?”

டீச்சர் முகம் வெளிறியது. குனிந்து, வீட்டுப் பேச்சிலேயே பிள்ளையைக் கேட்டாள். “இன்னும் வலிக்குதாடா?”

பேத்தி உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லித் தொலை, தாயே!” என்றேன்.