மாஸ்டருக்கு ஒரு கோட்டு

"அண்ணி, இப்பப் போய் ஊசியும் நூலுமா உக்காந்திருக்கீங்களே, வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

நாத்தனார் வந்து இப்படிக் கேட்பது இது இரண்டாவது தடவை.

"ரெண்டு காஜா பாக்கி. முடிச்சுட்டு வந்துடறேன்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். மடியில் சாம்பல் நிறக் கோட்டு மடிந்து கிடந்தது. பொத்தான் துளையின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாக நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டின் முன்பாதி தையல் கடை, பின்பாதி குடித்தனம். பின்பாதியில், ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்ட அவள் புருஷன் படுத்திருந்தார். முந்தாநாள் மத்தியானம் கட்டிங் டேபிள் மேல் கத்தரியோடு குனிந்தவர், குனிந்தபடியே போய்விட்டார். ஒரு கூப்பாடு இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் கேட்கவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ கோடு சரிபார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பு இப்போது அவள் நெஞ்சைப் போட்டுப் பிடுங்கியது.

ஊருக்கெல்லாம் கோட்டுத் தைத்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு கோட்டு இருந்ததில்லை. கல்யாணப் படத்தில் போட்டிருக்கிறாரே என்பார்கள். அது ஒரு வாடிக்கையாளருடையது! படம் எடுத்த கையோடு கழற்றி, மறுநாள் இஸ்திரி போட்டு டெலிவரி கொடுத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

"அந்த ஆளுக்குத் தெரிஞ்சா?" என்று புதுப்பெண் பதறினாள்.

"தெரிஞ்சா ராசியான கோட்டுன்னு கூலி இன்னும் கூடக் கேப்பேன்."

அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள்தான். அவர் வெட்டித் தைப்பார், அவள் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள், ஓரம் மடித்து அடிப்பாள். சண்டை வந்தால் பேச்சு நின்றுபோகும், துணி மட்டும் டேபிளின் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். அவர் தைத்த எந்தக் கோட்டும் அவள் கைபடாமல் கடை வாசலைத் தாண்டியதில்லை.

இந்தக் கோட்டு ஆபரேஷனுக்குப் போவதற்காக ஆரம்பித்தது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஆஸ்பத்திரியிலேயே அழுதாள். மாஸ்டரோ டாக்டர் படம் போட்டுக் காட்டியதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு வெல்வெட்டை விரித்து, லைனிங் துணியில் சின்னச் சின்னக் குழாய்கள் தைத்து, அவளை எதிரே உட்கார வைத்துவிட்டார்.

"இதப் பாரு. இது ரத்தம் வர்ற குழாய். இந்த எடத்துல அடைஞ்சு போச்சு. காலுலேருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்புக்கு மேல ஒரு முனை, கீழ ஒரு முனை தைச்சிடுவாங்க. ரத்தம் இப்படிச் சுத்திப் போயிடும்."

"அடைச்ச எடத்தை வெட்டி எடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுட்டு சுத்திப் போயிட வேண்டியதுதான். நான் உங்க அண்ணன்கிட்ட நடந்துக்கற மாதிரி."

"காலுக்கு ரத்தம் வேணாமா?"

"கால்ல வேற குழாயெல்லாம் இருக்காம், சமாளிச்சுக்குமாம். நானும் இதையேதான் கேட்டேன். டாக்டர் பொறுமையாச் சொன்னாரு, நல்ல மனுஷன்."

அவளுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி அவர் முகத்தைப் பார்த்ததில் தெளிந்தது. பயந்தவர் முகமாக அது இல்லை.

வெளிநாட்டிலிருந்த மகன், "இங்க வந்து பண்ணிக்கலாம்பா," என்று ஒற்றைக் காலில் நின்றான். டாக்டரைக் கேட்டார்கள். "இங்கயும் நல்லாப் பண்ணுவாங்க, அங்கயும் நல்லாப் பண்ணுவாங்க. நெஞ்செலும்பைத் திறந்து பண்றது, அது கூடறவரைக்கும் கனம் தூக்கக் கூடாது, பக்கத்துல ஆள் வேணும். முடிஞ்ச உடனே பிளைட் ஏறித் திரும்பவும் முடியாது. போறதுக்கு முன்னாடியும் என்கிட்ட ஒரு தடவை காட்டணும். எங்க வேணா பண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க," என்றார். பக்கத்தில் ஆள் வேண்டும் என்ற ஒரு வார்த்தையில் மகன் கட்சி ஜெயித்தது.

வாடிக்கையாளர்களிடம் மாஸ்டர் பெருமையடித்தார். "அங்க என்ன தையல் போடறாங்கன்னு பாத்துட்டு வரேன். சுமாரா இருந்தா நானே பிரிச்சுத் தைச்சுடுவேன்." ஆனால் நாள் குறிப்பது என்று வந்தால், பள்ளிக்கூடம் திறக்கட்டும், யூனிஃபார்ம் வேலை முடியட்டும் என்று இழுத்தார். பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கச் சொல்லவே இல்லை. அவள் அதைக் கவனித்தாள். வாயைத் திறந்து கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கடைசியில் டிக்கெட் வந்தது. கோட்டுத் துணியும் வந்தது. தன்னைத் தானே அளக்கிற கொடுப்பினை தையல்காரனுக்கு இல்லை. "இந்தா, பிடி," என்று டேப்பை அவளிடம் நீட்டினார். மார்பைச் சுற்றிப் பிடித்தவளுக்குத் திக்கென்றது. உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் தின்று ஆள் பாதியாகியிருந்தார். தோள் சரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் மனசு விட்டுப்போவார், மனசு விட்டுப்போனால் கிளம்ப மாட்டார். அவள் கூசாமல் பழைய அளவையே சொன்னாள். மார்பு, இடுப்பு, தோள், எல்லாம் பழைய அளவு.

"அப்படியேவா இருக்கேன்?"

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க."

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்தப் பொய்தான் இப்போது மடியில் கிடந்தது. தைத்துக் கொடுத்துவிட்டு, காஜாவை மட்டும் அவளுக்கு விட்டுப் போயிருந்தார். போட்டுப் பார்க்கக்கூட இல்லை. தொளதொளவென்று ஒரு கோட்டில், ஊரே பார்க்க, மாஸ்டரைப் படுக்க வைப்பதா? செத்த பிறகும் அவர் மானத்தை வாங்கப்போகிறேனே என்று அவள் குமைந்தாள். டேப் ஆணியில் தொங்கியது. எடுத்து அளந்து பார்க்கக் கை வரவில்லை.

மகன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அப்பாவுக்கு வரணும்னு இருந்துச்சா?"

"என்னடா கேள்வி இது. அதான் டிக்கெட் எல்லாம் போட்டாச்சே."

"டிக்கெட் நான் போட்டேம்மா. அவரு தலையை மட்டும் ஆட்டினாரு." அவன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். "தள்ளித் தள்ளிப் போட்டாரே. இருந்தது போதும்னு முடிவு பண்ணிட்டாரா? எனக்காகச் சும்மா சரின்னு சொன்னாரா?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். அவர் துடித்துக்கொண்டு கிளம்பினார், நீ ஏன்டா இப்படிப் பேசுகிறாய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தாநாளிலிருந்து அவளும் சுவரைப் பார்த்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலடா," என்றாள்.

காஜா முடிந்தது. இருவருமாக உள்ளே போனார்கள். நாத்தனார் வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மகன் அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்தான். அவள் ஒரு கையை நுழைத்து, முதுகுக்கடியில் துணியை இழுத்து, மறு கையை நுழைத்தாள். தொளதொளத்தால் முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்து நாலு தையல் போட ஊசியில் நூல் கோத்துத் தயாராக வைத்திருந்தாள்.

தேவைப்படவில்லை. கோட்டு அச்சாக உட்கார்ந்தது. தோள் சரிந்த இடத்தில் தோள் சரிந்து, மார்பு ஒட்டிய இடத்தில் ஒட்டி.

அவள் இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தாள். தெருவில் போகிறவனைப் பார்த்தே இடுப்பளவு சொல்கிற மனிதர்! அவரிடம் போய் டேப்பில் பொய் சொல்லியிருக்கிறாள், கூறுகெட்டவள். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, உண்மையளவுக்கு வெட்டியிருக்கிறார்.

"பாவி மனுஷா," என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. இவ்வளவு தெரிந்தவருக்குத் தன் உடம்பு எங்கே போகிறது என்று தெரியாமலா இருந்திருக்கும்? இப்படிப் படுக்கப்போகிற ஆளுக்கென்றே அளவாக வெட்டினாரா? போட்டுக்கூடப் பார்க்காமல் விட்டது அதனால்தானா? மகனும் அதையேதான் நினைக்கிறான் என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது.

பக்கவாட்டில் ஒரு சுருக்கம். அதை நீவிவிடக் கோட்டுக்குள் கையைக் கொடுத்தாள். விரல் நின்றது. லைனிங்குக்குக் கீழே துணி தடித்திருந்தது.

அழுத்திப் பார்த்தாள். தையலுக்கு ஒரு விரல் துணி விட்டால் ஜாஸ்தி. இங்கே மூன்று விரல் அகலம் மடித்து விட்டிருந்தார். மறு பக்கம் தடவினாள், அங்கேயும் மூன்று விரல். முதுகுத் தையலிலும் அப்படியே. சாம்பல் துணி லேசில் கிடைக்காது, ஒரு துண்டுகூட வீணாக்க மனசு வராத ஆள்.

"தம்பி, கையை இங்க வை."

"என்னம்மா இது, தடிமனா?"

"உள்ள விட்டிருக்காருடா. உனக்குப் பள்ளிக்கூடச் சட்டையில விடுவாரே, வருஷா வருஷம் பிரிச்சு விடறதுக்கு. அது மாதிரி." அவள் மறு பக்கத்தையும் தொட்டுக் காட்டினாள். "ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு தேறும்ல. தேறினா கோட்டு இறுக்கிப் பிடிக்கும்ல."

மகன் கையை எடுக்கவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. நாத்தனார் கதவைத் தட்டினாள். உள்ளே அவள் குனிந்து, புதுக் காஜாக்களில் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். மகனின் கை உள்ளேயே இருந்ததால் கடைசிப் பொத்தானை மட்டும் மாட்ட முடியவில்லை. இருக்கட்டும் என்று காத்திருந்தாள்.