நாற்காலி போட்ட உத்தரவு

கவர்னர் துரை ஜைனம்புவுக்குத் தர வேண்டியது அறுபத்திரண்டு வராகன். அவள் கணக்கில்தான் அது கடன். துரை கணக்கில் அப்படி ஒன்று கிடையாது. வடக்கிலிருந்து குதிரைப்படை வருகிறது, தோணி எதுவும் அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று, பழவேற்காட்டுக் கரையில் கட்டியிருந்த அவளுடைய தோணியைத் துரை கொளுத்தச் சொன்னார். படை வரவில்லை. மழைதான் வந்தது.

அதற்கு முன்பே, அவள் புருஷனை அடக்கம் செய்த அன்று, "மையத்து யாருக்காச்சும் கடன்பட்டிருந்தா சொல்லுங்க" என்று வழக்கப்படி அவர் அண்ணன் கூட்டத்தைக் கேட்டார். தோணிக்கு மரம் கொடுத்த ஜெகபர் அலி பாக்கியைச் சொன்னார். அதை ஜைனம்பு தன் தலையில் ஏற்றுக்கொண்டாள். தோணி ஓடினால்தான் அது அடையும். அந்தத் தோணிதான் இப்போது கரியாகிக் கிடந்தது.

கோட்டைக்குப் போய்ப் பிராது கொடுத்தாள். தீர்ப்பு வந்த அன்று, அங்கே கூலி வேலை பார்த்த நான் முற்றத்தில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தேன். துரையின் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி வாசலுக்கு வந்தார்.

"துரை தன் சொந்தத்துக்கு எரிக்கலம்மா. நாற்காலில குந்திக்கினு போட்ட உத்தரவு. அதுக்கு அவரு மேல எந்தக் கச்சேரியிலயும் பிராது நிக்காது."

"அப்ப யாரு மேல நிக்கும்?"

"யாரு மேலயும் நிக்காது."

"அப்ப அந்த நாற்காலியக் குடுங்க. வித்துக்கினு போறேன்."

முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் துரை காய்ச்சலில் செத்தார். குழி வெட்ட என்னைக் கூப்பிட்டார்கள். தெரிந்ததும் ஜைனம்பு என் குடிசைக்கு வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கோதண்டம், அடக்கறதுக்கு முன்ன கடனைக் கேப்பாங்க இல்ல? நீ சொல்லிடு. பொம்பள நான் கல்லறைக்குள்ள வரப்படாது."

"உலாந்தா வெள்ளைக்காரங்க கேப்பாங்களா பீவிம்மா?"

"செத்தவன அனுப்பறவங்க கேக்காம எப்பிடி அனுப்புவாங்க?"

பாதிரி படித்தார். அவர் மூச்சு விட நிறுத்தும்போதெல்லாம் இப்போது கேட்பார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஏரியில் இருந்த பறவையெல்லாம் எழும்பின. அவ்வளவுதான், எல்லாரும் திரும்ப ஆரம்பித்தார்கள். நான் துபாஷி பக்கம் நகர்ந்தேன்.

"ஐயா, கேக்கலியா?"

"இன்னாத்த?"

"துரை யாருக்காச்சும் கடன் வெச்சிருக்காரானு."

அவர் வெள்ளைக்காரர்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "வாய மூட்றா. நாளைக்குக் கூலி வோணுமா, வாணாமா?"

குழியை மூடினேன்.

எல்லாரும் போனபின் மதிலுக்கு வெளியே, தாழம்புதர் ஓரம், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"கேட்டாங்களா?"

"இல்ல பீவிம்மா."

"நாற்காலியயும் கூட வெச்சா பொதைச்சாங்க?"

"இல்ல. ஆளு மட்டுந்தான்."

"அப்ப ஆளாண்ட கேக்கலாம்" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டாள். குழியின் கால்மாட்டில் நின்றுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்: "இந்த மையத்து யாருக்காச்சும் கடன்பட்டிருந்தா சொல்லுங்க."

என்னைத் தவிர அங்கே யாருமில்லை. தட்டிய மண்ணையே மறுபடி மறுபடி தட்டினேன். ஏரிக்காற்று அவள் முக்காட்டைப் பிய்த்தது.

"எனக்கு" என்று அவளே பதில் சொன்னாள். "அறுபத்திரண்டு வராகன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "கேக்கக்கூட ஒரு நாதியில்லாம போயிட்டியே" என்றாள். "போ. கடன உனக்கு வுட்டுட்டேன்."

மறுநாள் காலை கோட்டையில், புதுத் துரை வருவதற்குள் நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். சன்னல் வழியே ஏரி தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் பழக்கமில்லாமல் தடுமாறிக்கொண்டு ஜைனம்புவின் முக்காடு. ஜெகபர் அலியின் பாக்கி இன்னும் அடையவில்லை. நான் சாம்பல் போட்டு நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தேன். பழைய துரையின் கை பட்டுப் பட்டு ஏறிய பிசுக்கு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.