ஒரு கை சோறு

சுலோச்சனா வாய்க்கரிசிக்காக அரிசியில் தண்ணீர் தெளித்துப் பிசறிக்கொண்டிருந்தபோது, பந்தலுக்கு வெளியே ஒருவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கக்கத்தில் ஒரு புத்தகம். ஆஸ்பத்திரியில் தம்பிக்கு அடுத்த கட்டிலில் கிடந்த சாமுவேல். தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவனுக்கு, தெருமுனையில் பறைச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தம்பி பச்சமுத்து போய்விட்டது தெரிந்ததாம்.

புத்தகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. நூலகத்தில் எடுத்துவந்து தம்பி கையில் திணித்தவள் அவள்தான். "இவருக்கும் நெஞ்சு சீக்குதான்டா. ரத்தமா துப்பிக்கினே எப்டி எழுதிகீறாரு பாரு. நீ இன்னாடான்னா சொவுத்தப் பாத்துக்கினு கெடக்கற. படி, தெம்பு வரும்" என்று பெரிய மேதாவிபோலச் சொன்னாள். உண்மையில் அவள் பாதிதான் படித்திருந்தாள். அடுப்படி வேலைக்கு நடுவில் மீதியை யார் படிப்பது? அவ்வளவு பெரிய மனிதர் பிழைக்காமலா போயிருப்பார் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

"உள்ள வாயேன், சாமுவேலு."

"இருக்கட்டும்க்கா." அவன் புத்தகத்தை நீட்டினான். "போன ஞாயித்துக்கெழம சாயந்தரம் நான் அவனப் பாக்க வந்தப்ப குடுத்தான். எங்க அக்கா சொன்ன புக்குடா, கண்டிப்பா படின்னான். பின்னாடி கொஞ்சம் ஒட்டிக்கினு கீதேன்னு கேட்டேன். பைண்டிங்ல ஒட்டிக்கிச்சி, கடேசில இன்னா ஆச்சின்னு அக்காவக் கேளு, அது முழுசா படிச்சிகீதுன்னான்."

இருமல் அவனைக் குனியவைத்தது. நிமிர்ந்ததும் கேட்டான்: "அவுரு நல்லாயிட்டாராக்கா?"

சுலோச்சனா புத்தகத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கங்கள் ஒரே அட்டையாக ஒட்டிக் கிடந்தன. ஓரத்தில் நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், கஞ்சித் தண்ணீரைக்கூடத் தள்ளிவிட்டுக் கிடந்தவன், "ஒரு கை சோறு குடுக்கா. கொயம்பு வாணாம்" என்று கேட்டான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் எதிர்வீட்டு ராணியம்மாளிடம், "தம்பி சோறு கேட்டுச்சி" என்று சொன்னாள். அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக அங்கேயே நின்று வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோது தட்டு காலி. தின்னுட்டியா என்றதற்கு, ம் என்றான்.

அத்தனை சோற்றையும் இந்தப் பக்கங்களை ஒட்டத்தான் தேய்த்திருக்கிறான். நீ கொடுத்த புத்தகத்தில் அந்த ஆளும் செத்துத்தான் போனார் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாவி. எல்லாம் தெரிந்துகொண்டு, அவள் தெம்பு சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறான்.

சாமுவேல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாயிட்டாரு" என்றாள். "ரொம்ப வருசம் இருந்தாரு."

"அதானே." அவன் முகம் தெளிந்தது. "இன்னொரு வாட்டி படிச்சிட்டுக் குடுக்கட்டுமாக்கா?"

அவள் புத்தகத்தை அவனிடமே கொடுத்தாள். வாங்கிக்கொள்ள அவன் துண்டை இறக்கியபோது, அதில் புதிய சிவப்பு இருந்தது. அவன் அதை மடித்து உள்பக்கமாகத் தள்ளினான்.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்கம்மா" என்று உள்ளேயிருந்து பெரியப்பா கூப்பிட்டார்.

தம்பியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. சுலோச்சனா ஒரு பிடி அள்ளிப் போட்டாள். பாதி அரிசி விழவில்லை. ஈரத்தோடு அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை அதை உதறிக்கொண்டே இருந்தாள்.