கருவி பயன்பாட்டில் உள்ளது

வாருங்கள், உள்ளே வாருங்கள். சிதறால் ஊர்ச் சாலையோரத்து இந்த வீட்டில் ஒரு கொடுமை நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சிகள் தேவை. முன்னறைச் சவப்பெட்டிக்குள் கிடத்தப்பட்டிருக்கிறார் ஞானசிங். எழுபத்திரண்டு வயது, பேருந்துப் பணிமனையில் முப்பத்தோராண்டு மெக்கானிக்காக உழைத்து ஓய்ந்தவர். தலைமாட்டில் அவருடைய மூச்சுக்கருவி. அதன் மின்கம்பியின் ஒரு முனையைக் கருவி நிறுவனத்தின் பணியாளர் சிலுவைதாசன் பிடித்திருக்கிறார். மறுமுனையை விடாமல் பிடித்திருக்கிறாள் மகள் பிரீனா. மூன்று மணிக்கு அடக்கம்.

"எனக்க வேலையில்ல பிள்ளே இது," என்றார் சிலுவைதாசன், நரைத்த தலையைக் குனிந்தபடி. "அடக்கம் கழியட்டும்னு நானும் சொல்லிப் பாத்தேன். மேல உள்ளவனுவ கேக்கணுமே. இன்னைக்கே எடுத்தாகணுமாம்."

"என்ன அவசரம் அண்ணாச்சி? அப்பாவ எடுக்கதுக்கு முந்தி மெஷின எடுக்கணுமா?"

"ஏட்டி, விடு அத!" ஞானசிங்கின் தங்கை செல்லபாய் பெட்டியருகிலிருந்து அதட்டினாள். "பொணத்த வச்சிக்கிட்டு வயரு பிடிச்சி இழுக்கா. ஊருக்காரங்க பாக்காங்க."

"பத்து நிமிசம் தாங்க அண்ணாச்சி. பொறவு கொண்டு போங்க."

சிலுவைதாசன் கம்பியை விட்டார். பிரீனா மடிக்கணினியைக் கொண்டுவந்து கருவியின் பக்கத்துளையில் இணைத்தாள். இறந்தவரின் தலைமாட்டில் அமர்ந்து கணினித் திரையைப் பார்க்கும் மகளைப் பந்தலிலிருந்து பலரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டரயே கெட்டிக்கிட்டவ," என்றாள் செல்லபாய், யாரிடமும் அல்லாமல்.

உயிரோடிருந்தபோது ஞானசிங்கும் அதைத்தான் வேடிக்கையாகச் சொல்வார். நுரையீரல் சுருங்கத் தொடங்கிக் கருவி வீட்டுக்கு வந்த அன்று, முகமூடியை விலக்கிக்கொண்டு, "நீ கல்யாணம் கெட்டமாட்டேன்னு சொன்ன, எனக்கு மருமகன் வந்தாச்சு பாத்தியா? நாள் முழுக்க மூஞ்சில ஊதுகான், ஒரு வார்த்த பேசமாட்டான்," என்று சிரித்தவர் அவர்.

அந்தக் கருவிக்குள் ஒரு சிறு கணினி இருந்தது. கணினியின் அடித்தளமாய் இருந்து எல்லாவற்றையும் ஆளும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பொறியாளர்கள் மின்கடிதம் எழுதி, வாதாடி, வரி வரியாய்க் கட்டியது அது. அதில் ஒரு பகுதி பிரீனா கட்டியது. காற்றை ஊதும் மோட்டாரின் சில்லுக்குள் ஃபர்ம்வேர் என்னும் இயக்குநிரல் உண்டு. அதைப் பழையது நீக்கிப் புதியது ஏற்றுவதற்கான வாயில் ஒன்றை இதே வீட்டின் பின்னறையில் இருந்து அவள் வடிவமைத்தாள்.

முதல் வரைவில் அவள் வைத்த விதி எளியது, உறுதியானது. ஏற்றுவதற்கு முன் கருவியைக் கேட்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதாகக் கருவி சொன்னால் கெர்னல் மறுக்க வேண்டும். அந்த மறுப்பை மீற எவருக்கும் வழியில்லை.

எதிர்ப்பு வந்தது. எங்கோ ஒரு நாட்டின் பொறியாளர் எழுதினார்: சில கருவிகள் ஓய்வதே இல்லை; ஒவ்வொன்றையும் தேடி ஆளனுப்ப முடியாது; மறுப்பை மீறும் வசதி வேண்டும். ஐந்து வாரம், அறுபது கடிதம். கெர்னலின் அடுத்த வெளியீட்டுக்குள் தன் வேலை சேர வேண்டுமே என்ற ஆவல் அவளை அரித்தது. நான்காம் வரைவில், மறுப்பை மீறும் வசதியாக, ஃபோர்ஸ், அதாவது கட்டாயம், என்ற பெயரில் ஒரு கோப்பைச் சேர்த்தாள். அதில் ஒன்று என்று எழுதினால் கருவியின் மறுப்பு செல்லாது. ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக் கையொப்பமும் இட்டாள்.

திரையில் கருவியின் நேற்றைய பதிவு விரிந்தது. முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு: கருவி பயன்பாட்டில் உள்ளது. அடுத்த வரி: ஃபோர்ஸ், ஒன்று. அடுத்த வரி: அழித்தல் தொடங்கியது. பழைய நிரல் அழிந்தது. புதியது ஏறி முடிய ஆறு நிமிடம் பிடித்தது. ஆறு நிமிடமும் மோட்டார் நின்றது. அபாய ஒலி எழுப்ப வேண்டிய நிரலும் அதே சில்லில்தான் இருந்தது, அதுவும் அழிந்திருந்தது. கருவி ஊமையாய் நின்றது. பின்னறையில், காதை மூடிய ஹெட்போனோடு, வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள் பிரீனா. பேச்சு முடிந்து அவள் வந்தபோது கருவி மறுபடியும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. வாங்க ஆள் இல்லை.

"நேத்து ஆரு அண்ணாச்சி இதுல கை வச்சது?"

"இஞ்ச ஆரும் வரல்லியே. எல்லாம் கம்பெனி ஆபீஸ்லேருந்தே ஏத்துவானுவ. நமக்கு முடிஞ்சப் பொறவு ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்."

பதிவைப் படியெடுத்துக்கொண்டு கருவியை அவரிடம் கொடுத்தாள். சிலுவைதாசன் அதை வண்டியில் ஏற்றினார். ஆனால் புறப்படவில்லை, பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தில் ஒருவர் வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். பிரீனா எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, விடுமுறை கிடைக்காத அண்ணன் ஜெபிஷ் வளைகுடாவிலிருந்து அழைத்தான்.

"கடைசி வரிய மாத்து. சமாதானமாய் நித்திரையடைந்தார்னு போடு."

"சமாதானமா போவல்ல அண்ணா. மூச்சு முட்டிப் போனாரு."

"அத மைக்குல பறையணுமா? பக்கத்து ரூம்ல மகள் இருந்தும்னு ஊரு சொல்லாதா?"

"சொல்லட்டும். அந்த வழிய வச்சதே நான்தான்."

"எந்த வழி?"

அவள் சொல்லத் தொடங்கினாள். கெர்னல், கோப்பு, மறுப்பு என்ற சொற்கள் ஒவ்வொன்றாய்க் கடலைத் தாண்டின. பிறகு, "நீ அழல்லியா இன்னும்?" என்று கேட்டான் ஜெபிஷ். "கொஞ்சம் அழு பிள்ளே. சரியாவும்."

மூன்று மணிக்கு ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்தாள். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மனைவியின் மறைவு. பின்பு:

"ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அடியில் அப்பா ஒருநாளும் ஜாக்கி வைத்ததில்லை. அதிகாரி உத்தரவிட்டாலும், கடைசிப் பயணி இறங்கும்வரை கையைக் கட்டி நிற்பார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே அவர் கருவியைப் பிரித்தார்கள். அது பயன்பாட்டில் இருப்பதாகக் கருவியே சொல்லியது. சொன்னதை மீறினார்கள். மீறுவதற்கான வழியை மூன்று ஆண்டுகளுக்கு முன் வைத்துக் கையொப்பமிட்டவள் நான்."

பந்தலில் ஒரு நாற்காலி நகர்ந்தது. போதகர் மெல்ல இருமிப் பாட்டின் எண்ணைச் சொன்னார். பாடினார்கள். "துக்கத்துல என்னமோ சொல்லுகா, பாவம்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் செல்லபாய் கிசுகிசுத்தது பிரீனாவின் காதில் தெளிவாக விழுந்தது. இருநூறு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர்கூட, "அதென்ன வழி?" என்று கேட்கவில்லை.

மண் போட்டுத் திரும்பும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் சிலுவைதாசன் காத்திருந்தார்.

"பிள்ளே, எங்க முட்டம் ஊருல ஒரு மெஷின் இருந்துச்சு. தேவகனி அக்காளுக்கது. போன மாசம் இதே மாதிரி, பட்டப்பகல்ல நின்னுச்சு, அக்கா போயிட்டா. நல்லா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சாம். ஏத்தி முடிஞ்ச மெசேஜ் எனக்கு வந்துச்சு."

"அத எழுதித் தருவியளா?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைய படிக்குது." அக்காளின் மகனுடைய எண்ணை மட்டும் தந்துவிட்டுப் போனார்.

அந்த மகனை அவள் அழைத்தாள். "அம்மா நல்லபடியா போய்ச் சேந்தாச்சு, இனி எதுக்கு நோண்டணும்?" என்று வைத்துவிட்டான்.

நாற்காலிகளை வாடகைக்குத் தந்தவர்கள் அடுக்கி ஏற்றிய மாலையில், பின்னறையில் அமர்ந்து ஃபோர்ஸுக்கான பதினான்கு வரிகளை நீக்கும் திருத்தம் ஒன்றைக் கெர்னல் பொறியாளர்களுக்குப் பிரீனா அனுப்பினாள். கூடவே நேற்றைய பதிவு. அதன் கீழே தந்தையின் பெயர், தன் பெயர், தன் தவறு.

மறுநாள் காலை பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம். ஆயினும், ஒருமுறை உலகுக்குத் திறந்துவிட்ட வாயிலைப் பிறகு அடைப்பதில்லை என்பது கெர்னலின் நெடுநாள் நெறி. அதை நம்பி எத்தனையோ கருவிகள் ஓடுகின்றன. ஒற்றை நிகழ்வுக்காக அதை மாற்ற இயலாது. இன்னொரு சான்று இருந்தால் மீண்டும் பேசலாம்.

அவள் அதை இருமுறை படித்தாள். பின்பு எழுந்து, வெந்நீர் வைக்க அடுக்களைக்குப் போனாள். ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியாமல் குழாயடியில் நெடுநேரம் நின்றாள்.

படித்து முடித்தவர்களே, இரங்கிவிட்டு நகராதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், ஒரு கருவியின் தயவில் மூச்சு வாங்குபவர் உண்டா? நாங்கள் பயன்படுத்தும்போது இதைத் தொட எவருக்கு அதிகாரம் என்று நிறுவனத்தாரைக் கேளுங்கள்; எழுத்தில் பதில் வாங்குங்கள். காரணமின்றி ஒரு கருவி பட்டப்பகலில் நின்றிருந்தால், நித்திரை என்றும் சமாதானம் என்றும் எழுதி மூடாதீர்கள். தேதியை, நேரத்தை, ஊரை, போனவரின் பெயரை எழுதுங்கள். பிரீனாவின் கடிதம் அங்கே ஒற்றையாய் நிற்கிறது. இரண்டாவதை நீங்கள் அனுப்புங்கள்.