மூன்று இடத்தில் கையெழுத்து

“அந்த ஃபாரத்த நீதானே எழுதுன?”

அப்பா செத்த மூன்றாம் நாள் அண்ணன் என்னிடம் கேட்டான். ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போனவன் போன வேகத்திலேயே திரும்பி வந்திருந்தான். ஒரு ஊசியைப் போட்டு அரை மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிட்டார்கள், சும்மா விட மாட்டேன் என்று கிளம்பியவனிடம் அவர்கள் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

நான் தலையாட்டினேன். அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நான் போட்டு வைத்த தேநீரை ஆறவிட்டுத் தொட்டியில் கொட்டினாள். நான் மடித்து வைத்த துணிகளை உதறிப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அவள் ஒரு சொல் திட்டியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுந்து வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் அடைத்தது மணி அடிக்கும்வரை திறக்கவில்லை, வகுப்பே சிரித்தது, மறுநாள் நான் போகவில்லை. அத்தைக்கு நான் ஊமைக்கோட்டான். ஆனால் வீட்டில் எந்தத் தாளை நிரப்ப வேண்டுமானாலும் என் கைக்குத்தான் வரும். பட்டம் வாங்கிய அண்ணனின் எழுத்து எறும்பு ஊர்வலத்தில் தடியடி நடந்த மாதிரி இருக்கிறது என்பார் அப்பா.

அப்பா கடைகளுக்கு இரும்பு ஷட்டர் பொருத்துகிறவர். தகடு சரிந்து பாதத்தில் வெட்டியதற்கு ஒரு வாரம் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அண்ணன் வேலையில் இருந்தான், அம்மாவுக்கு அன்று தலைசுற்றல், கூட வந்தவள் நான்தான்.

அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஃபாரத்தை மடியில் வைத்து எழுதினேன். ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற கட்டம் வந்ததும் அவரைக் கேட்டேன். “ஒரு ஊசி எனக்கு ஆகாதும்மா. பத்து வயசுல போட்டாங்க, மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிடுச்சு. எந்த ஊசின்னு கேட்டா எங்கப்பனத்தான் எழுப்பிக் கேக்கணும்” என்றார். பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிறு வயதில் ஒரு ஊசி போட்டதில் முகம் வீங்கி மூச்சு முட்டியது, ஊசியின் பெயர் தெரியாது என்று எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் ஓடியது.

கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றினாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. திரையில் மருந்துப் பெயர்கள் நீளமாக இறங்கின. அவற்றில் ஒன்றைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் இருக்கும் ‘இல்லை’யைத் தொட வேண்டும். பெயர் தெரியாது என்பதற்கு அதில் இடம் வைக்கவில்லை. அவள் ஒருமுறை மேலே போனாள், கீழே வந்தாள், ‘இல்லை’யை அழுத்தினாள். பிறகு அச்சடித்த தாளை என்னிடம் தள்ளி, மூன்று இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

நான் அதைப் பார்த்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. யாரோ ‘ச்சு’ என்று சலித்துக்கொண்டார்கள். “இது தப்புங்க” என்று சொன்னால் போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. “இங்க, இங்க, இங்க” என்று அவள் நகத்தால் தொட்டுக் காட்டினாள். நான் போட்டேன். பெரிய டாக்டர் எப்படியும் நான் எழுதியதையும் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவை வார்டில் படுக்கவைத்ததும் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கிவரக் கீழே அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்குக் கீழே எத்தனையோ கால்கள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள். பயந்துவிட்டார்கள் என்றான் அண்ணன். என்னை அழைத்துப் போக அவனுக்கு மனமில்லை. கையெழுத்துப் போட்டவளும் வர வேண்டும் என்று சொன்னதால் வேறு வழியில்லாமல் கூட்டிப் போனான். பேருந்தில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவன் உட்கார்ந்துகொண்டான். “அங்கயும் வந்து பூம்பூம்னு தலையாட்டி வைக்காத. வாயையும் தொறக்காத. அது உனக்கு ஒன்னும் கஷ்டமில்லையே” என்றான்.

அப்பாவின் வார்டு இருந்த அதே நான்காவது மாடியில், நடுவில் நீள மேசை போட்ட அறை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மேசை நடுவில் முகம் துடைக்கும் டிஷ்யூ காகிதப் பெட்டி, அதில் முதல் காகிதம் பாதி இழுத்துத் தயாராக நின்றது. குறை கேட்கும் அதிகாரி என்ற பெண் எங்களை உட்காரச் சொன்னாள். பக்கத்தில் பெரிய டாக்டர். அவர் கையில் ஒரு நீலக் கோப்பு இருந்தது.

“கண்ணு தொடைக்கறதுக்கெல்லாம் ரெடியா வச்சிருக்கீங்க” என்றான் அண்ணன். “அழுவுறதுக்கு எத்தன நிமிஷம் குடுத்திருக்கீங்க?”

அவள் முகம் மாறவில்லை. உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது என்று ஆரம்பித்தாள். அதை நான்கு முறை சொன்னாள், நான்கு முறையும் ஒரே இடத்தில் தலை சாய்ந்தது. எதிர்பாராத நிகழ்வு என்றாள், துரதிருஷ்டமான விளைவு என்றாள். அவள் சொல்லச் சொல்ல, ஊசி தானாக ஏறிக்கொண்ட மாதிரியும் அப்பா தானாக மூச்சை நிறுத்திக்கொண்ட மாதிரியும் ஆகிவிட்டது. கடைசியில் அந்த அச்சடித்த தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினாள். குடும்பத்தினர் கொடுத்த தகவலின் அடிப்படையில் என்றாள். அம்மா அதைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டாக்டர் கோப்பைத் திறந்தார். “டாக்டர், அது இன்னும் விசாரணையில இருக்கு” என்றாள் அதிகாரி, பல்லைக் கடித்த மாதிரி.

“அவங்க எழுதுனது. அவங்க பாக்கட்டும்.”

என் எழுத்து. ஓரம்வரை ஓடிய என் எழுத்தை அண்ணன் குனிந்து படித்தான். இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தான். பிறகு அதிகாரியைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டுப் பெண் மேலே பழியைப் போட்டு அனுப்பினீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா, அந்தக் கணினியைத் தூக்கிக் கீழே போடுங்கள் என்று கத்தினான். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பழியைச் சுமந்து வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியவன் அவன்தான். இப்போது நான் எங்கள் வீட்டுப் பெண்.

அவன் கத்தி முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். காகித ஃபாரம் வார்டுக்கு வரவில்லை. திரையில் இருந்ததை மட்டும் பார்த்து அவர்தான் மருந்து எழுதினார். ஊசி போட வந்த நர்ஸிடம் அப்பா கேட்டிருக்கிறார், “எனக்கு ஆகாத ஊசி ஒன்னு உண்டு, அது இல்லையேம்மா?” என்று. அவள் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து, அப்படி ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லியிருக்கிறாள். அப்பா கையை நீட்டியிருக்கிறார்.

“தப்பு எங்களோடது. என்னோடது. மன்னிச்சுக்குங்க” என்றார் டாக்டர். அதிகாரி கண்ணை மூடித் திறந்தாள்.

“மன்னிப்பா? அத எந்தக் கட்டத்துல எழுதறதுங்க?” என்றான் அண்ணன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க தெளிவா எழுதிக் குடுத்திருக்கீங்கம்மா. செய்ய வேண்டியதச் செஞ்சிட்டீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அத உங்க அம்மா முன்னாடி சொல்லணும்னுதான் உங்களையும் வரச் சொன்னேன்.”

அம்மா அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். காய் நறுக்கிக் கீறிய அதே சொரசொரப்பான விரல்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொடுகிறாள். அவள் அழவில்லை, பிடியை மட்டும் இறுக்கினாள். அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமில்லை என்று அண்ணனே சொல்லியிருந்தான். ஆனால் அவள் பிடித்திருந்தது என்னை இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. திரையைப் பார்க்காத வேறு யாரோ ஒருத்தியை.

“நான் பாத்தேன்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை போலிருந்தது. அண்ணன் மட்டும் திரும்பினான்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?” என்றாள் அதிகாரி. அவள் பேனாவை எடுத்திருந்தாள்.

“எதையும் எழுதாதீங்க” என்றார் டாக்டர் அவளிடம். என் முழங்காலை அண்ணன் மேசைக்கு அடியில் காலால் இடித்தான்.

“இல்லைன்னு அவங்க போட்டத நான் பாத்தேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே பாத்தேன். வரிசைல ஆளுங்க நின்னாங்க. நான் சொல்லல.”

இவ்வளவு பேர் முன்னால் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அதிகாரியின் பேனா தாளில் ஓடத் தொடங்கியது. மணிக்கட்டில் இருந்த விரல்கள் உடனே விலகவில்லை. ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, சுண்டுவிரல் கடைசியாக.

அம்மா எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு உள்ளே ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். டாக்டர் பாதி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை, என் பக்கமும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அது தானாக மூடும் கதவு, அவசரமில்லாமல் மூடிக்கொண்டு வந்தது. லிஃப்ட் இடப்பக்கம் இருந்தது. அவளுடைய செருப்புச் சத்தம் வலப்பக்கமாக, அப்பா படுத்திருந்த வார்டு இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது.